பழைய இரும்புப் பாலத்தைச் சோதிப்பதும் சீரமைப்பதும்: பர்மாவில் வேலை செய்யும் நம்மவர்களுக்கான வழிகாட்டி

ஆவா பாலத்திற்கு எத்தனை வயது என்று கேட்டால் ஒரே எண்ணில் விடை சொல்ல முடியாது. ஐராவதியின் குறுக்கே 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரண்டு கண்களை (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகளை) 1942-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1954-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2025 மார்ச் 28 அன்று வந்த நிலநடுக்கத்தில் அதன் கண்கள் தூண்களிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் ஓடத் தொடங்கிய கோக்தெய்க் பாலமோ நூறு ஆண்டுகளைக் கடந்தும் ரயிலைச் சுமந்தது. இதே நாட்டில், ஐராவதிக் கழிமுகப் பகுதியின் மியாங்மியாவில் 1990-களில் கட்டப்பட்ட தொங்குபாலம், 2018 ஏப்ரல் 1 அன்று சரக்கு லாரி ஒன்று ஏறியபோது இடிந்து இருவரைப் பலிகொண்டது. ஆகையால், "பாலம் பழையது, மாற்ற வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதப்படும் அறிக்கையை நான் சோதனை அறிக்கையாகக் கொள்வதில்லை. எந்த உறுப்பில் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது, அதன் மீது என்ன பாரம் ஏறுகிறது, தண்ணீர் எங்கே தங்குகிறது என்ற மூன்றுக்கும் விடை சொல்வதே சோதனை.

யாங்கோன், தன்லியின், மோல்மீன் போன்ற ஊர்களில் வெல்டிங் பட்டறையோ பெயிண்ட் ஒப்பந்தமோ பாலப் பராமரிப்பு மேற்பார்வையோ செய்துவரும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிட உரிய பொறியாளர் எப்போதும் வேண்டும். ஆனால் அவருக்குச் சரியான அளவுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது களத்தில் நிற்பவரின் கை. அந்தக் கை தவறினால் கணக்கும் தவறும்.

பாலத்திற்குப் போகுமுன்

முதலில் வரைபடத்தைத் தேடுங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைத்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். போரில் இந்நாட்டின் பாலங்கள் ஏராளமாகத் தகர்க்கப்பட்டன. பின்வாங்கியவர்களும் தகர்த்தார்கள், குண்டு வீசியவர்களும் தகர்த்தார்கள். போருக்குப் பின் சீரமைத்தவர்கள் கைக்குக் கிடைத்த இரும்பை வைத்து வேலையை முடித்திருப்பார்கள் என்று கொண்டே தொடங்க வேண்டும். ஆற்றின் மேற்புறச் (நீர் வரும் பக்கச்) சட்டகத்தில் உள்ள உறுப்பும் கீழ்ப்புறச் (நீர் போகும் பக்கச்) சட்டகத்தில் அதற்கு இணையான உறுப்பும் ஒரே கனத்தில் இருக்கும் என்று எண்ணி ஒன்றை மட்டும் அளப்பது பெரும்பிழை. ஒட்டுத் தகடு போட்ட இடங்கள், தோட்டா துளைத்த ஓட்டைகள், தீயில் வெந்து நெளிந்த உறுப்புகள் ஆகிய மூன்றையும் தனியாகக் குறியுங்கள். தோட்டா ஓட்டையின் விளிம்பு கிழிசலாக இருக்கும். விரிசல் பிறக்க அது நல்ல இடம்.

இரும்பின் வகையையும் அறிந்தாக வேண்டும். ரங்கூன்–புரோம் ரயில்பாதை 1877-இல் திறக்கப்பட்டது. அக்காலத்துப் பாலங்களில் பெரும்பாலும் தேனிரும்பே பயன்பட்டது. எஃகு பரவலானது ஏறத்தாழ 1890-க்குப் பிறகுதான். தேனிரும்பு மரத்தைப் போல நார் நாராக அமைந்தது. நீளவாக்கில் உறுதியாக இருக்கும், கனத்தின் குறுக்கே இழுத்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். பாரம் குறைவாக ஏறும் ஒரு மூலையில் சிறு துண்டு வெட்டி எடுத்து, ஒரு பக்கம் கீறி, பிடிகருவியில் வைத்து வளைத்து முறித்தால், முறிந்த முகத்தில் நார் தெரிகிறதா மணி மணியாகப் பளபளக்கிறதா என்று பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதே துண்டை ஆய்வகத்திற்கு அனுப்பி, கரிமம், கந்தகம், பாஸ்பரஸ் அளவுகளையும் இழுவலிமையையும் அறிந்துகொள்ளுங்கள். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் மிகுந்திருப்பது உண்டு. வெல்டிங் செய்யலாமா கூடாதா என்பதை அந்த ஆய்வுத்தாள்தான் முடிவு செய்யும்.

கழுவிய பின் பாருங்கள்

சோதனைக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த கார்த்திகை. தண்ணீர் எங்கெல்லாம் தேங்கியது என்பதன் தடம் அப்போது இன்னும் காயாமல் இருக்கும். தூணடியில் ஆறு எவ்வளவு மண்ணை அரித்துச் சென்றது என்பதையும் நீர் வடிய வடியக் காணலாம். மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மாந்தளேயில் பெய்வது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. ஒரே ஆண்டில் ஒரே பட்டறையில் செய்த இரு பாலங்களை இவ்விரண்டு ஊர்களிலும் நிறுத்தியிருந்தால், ஐம்பது ஆண்டுக்குப் பின் அவை ஒரே பாலத்தின் இரட்டைகளாக இருக்கமாட்டா.

ஏறிப் பார்ப்பதற்கு முன்பு பாலத்தைக் கழுவ வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலான சோதனைகள் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் வீணாகின்றன. சட்டகத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் கீழ்ச்சட்டத்தின் உள்ளே மண்ணும் புறா எச்சமும் சருகும் ஒரு சாண் உயரத்திற்குக் கிடக்கும். அதற்குள் ஈரம் கோடையிலும் காயாது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, அந்த மண்ணுக்கு அடியில் தகடு காகிதமாகியிருக்கும். உப்பில்லாத நீரை அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்து, மீதத்தைக் கரண்டியால் வழித்தெடுங்கள். பாலத்தைத் தூணின் மேல் தாங்கும் தாங்கிகள் உட்காரும் மேடையில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதை வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே எத்தனை ஆண்டுகளாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கழுவிய பின், கைக்கெட்டும் தூரத்தில் நின்று பாருங்கள். கரையில் நின்று தொலைநோக்கியால் பார்ப்பது சோதனையாகாது. சாரமோ தொங்கு தட்டோ கட்டி, இடுப்புக் கயிறு அணிந்து, உறுப்புகள் கூடும் ஒவ்வொரு கணுவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கணுக்களுக்கு ஒரு முனையிலிருந்து எண் கொடுத்து, ஆற்றின் மேற்புறம், கீழ்ப்புறம் என்று பிரித்து எழுதுங்கள். "இடப்பக்கம்" என்று எழுதினால், அடுத்த ஆண்டு எதிர்க்கரையிலிருந்து ஏறுபவருக்கு அது வலப்பக்கமாகிவிடும்.

எங்கே தேடுவது? சாலைத்தளத்து நீர் இறங்கும் இணைப்பிடைவெளிக்கு நேர் கீழே, நீள்விட்டம் குறுக்குவிட்டத்தில் சேரும் இடத்தில், இணைப்புத் தகடும் கீழ்ச்சட்டமும் கூடி ஒரு கிண்ணம் போல அமையும் மூலையில், நடைபாதைக்கு அடியில். கருவாட்டு லாரியும் நாப்பி (உப்பிட்ட மீன் விழுது) ஏற்றிய லாரியும் நாள்தோறும் சொட்டிக்கொண்டே போகும் பாலமென்றால், கடலிலிருந்து எத்தனை மைல் உள்ளே இருந்தாலும் அதைக் கடலோரப் பாலமாகவே கருதுங்கள். இரு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்து அவற்றைப் பிளந்து விரிக்கும் அடுக்குத் துருவைத் தனியாகக் கவனியுங்கள். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அந்த விசைக்கு ரிவெட் தலை தெறிக்கும், தகடு அலை அலையாக வளையும். 1983-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மயானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு கண் விழுந்ததற்கு, ஆணியில் மாட்டிய தொங்குசட்டங்களை இவ்வாறு துரு பக்கவாட்டில் தள்ளியதே காரணம். அங்கே மேலே இருந்த வடிகால்கள் சாலை போட்டபோது மூடப்பட்டிருந்தன.

மிஞ்சிய கனத்தை அல்ட்ராசோனிக் அளவியால் அளக்க வேண்டும். வெள்ளி போல மின்னும் வரை ஒரு காசு அகலத்திற்குத் தேய்த்து, பசை தடவி, ஒவ்வொரு உறுப்பிலும் குறைந்தது மூன்று குறுக்கு வெட்டுகளில் அளவெடுங்கள். குழி விழுந்த இடத்தைத் தவிர்த்துச் சமமான இடத்தில் மட்டும் அளப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கருவி இல்லையென்றால் விளிம்புகளில் வெர்னியர் அளவி போதும்.

ரிவெட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவது போலத்தான் இதுவும். ஒரு விரலை ரிவெட் தலையின் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், இறுக்கமான ரிவெட் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிப்பதோடு விரலில் சிறு அசைவும் தெரியும். தலையைச் சுற்றிச் செந்நிற நீர்க்கோடு வழிந்திருந்தால், அது அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நான் பார்த்த ஒரு பாலத்தில், தளர்ந்த ரிவெட்டுகளின் மேல் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் கனத்தால் அவை அசையாமல் நின்றிருந்தன. முதல் தட்டிலேயே பெயிண்ட் வெடித்து உதிர்ந்தது.

விரிசல் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ரிவெட் துளையின் ஓரம், நீள்விட்டத்தின் மேல்மூலையில் வெட்டிவிடப்பட்ட பகுதி, பிற்காலத்தில் யாரோ வெல்டிங் வைத்த கம்பித்தாங்கி ஆகியவற்றில் பெயிண்டைக் கழித்து, சாய ஊடுருவல் முறையிலோ காந்தத்தூள் முறையிலோ சோதியுங்கள். 1928-இல் கட்டப்பட்டு 1967 டிசம்பர் 15 அன்று 46 பேரோடு ஒகையோ ஆற்றில் விழுந்த சில்வர் பாலத்தின் கதையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: கண்துளைச் சட்டம் ஒன்றின் துளைக்குள் இருந்த ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல் ஒன்றே அதைக் கவிழ்த்தது, ஏனென்றால் அந்தச் சட்டம் அறுந்தால் பாரத்தை வாங்கிக்கொள்ளப் போதிய சட்டங்கள் அங்கே இல்லை. உங்கள் பாலத்தில் அவ்வாறு துணையற்று நிற்கும் உறுப்புகள் எவையென்று முதலிலேயே சிவப்பு மையால் குறித்து, சோதனை நேரத்தில் பாதியை அவற்றுக்கே ஒதுக்குங்கள்.

தாங்கிகளைப் பார்க்கும்போது, அவை நகர்கின்றனவா என்பதே கேள்வி. 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், 35 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீள வேண்டும். காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் தாங்கியின் உருளைக்குப் பக்கத்தில் சுண்ணக்கோடு போட்டு அளந்து பாருங்கள். கோடு இம்மியும் நகரவில்லையென்றால் உருளை இறுகிவிட்டது, அந்த விசையைத் தூணின் தலையோ சட்டகத்தின் முனையோ தாங்கிக்கொண்டிருக்கிறது. விட்டத்தின் முனை தூணின் மேல் எத்தனை அங்குலம் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். நிலநடுக்கம் தரும் சகாயிங் நிலப்பிளவை ஒட்டி வாழும் நாட்டில் இந்த அளவு, தகட்டின் கனத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று. உட்காரும் நீளத்தைக் கூட்டுவதும், கண்ணுக்குக் கண் கட்டுச்சங்கிலி போடுவதும், பெரிய வேலைகளோடு ஒப்பிட்டால் செலவு குறைந்தவை.

கணக்கு

12 மில்லிமீட்டர்த் தகட்டில் 3 மில்லிமீட்டர் போயிருந்தால், "கால் பங்குதானே" என்று விட்டுவிடக் கூடாது. மிஞ்சிய முக்கால் பங்கின் மேல் தகைவு (ஒரு சதுர அளவு இரும்பு தாங்கும் விசை) மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் பாரத்தால் உலோகம் களைப்படைவதோ தகைவின் மும்மடிக்கு ஏற்ப விரைவது. ஆகவே அந்த இடத்தின் களைப்பு ஆயுள் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 42 விழுக்காட்டிற்கு இறங்குகிறது. அனுமதித்ததைப் போல இரு மடங்கு சுமையேற்றிய ஒரு லாரி எட்டு லாரிகளின் தேய்மானத்தைத் தருவதும் இதே மும்மடிக் கணக்கால்தான்.

அழுத்தத்தில் நிற்கும் உறுப்புகளில் கனம் குறைவதோடு நெளிவும் சேர்ந்தால் நிலைமை விரைவாகக் கெடும். நூல் கட்டி நெளிவை அளந்து எழுதுங்கள். இணைப்புத் தகடுகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபோலிசில் 13 பேர் இறக்கக் காரணமாக விழுந்த பாலத்தில் இணைப்புத் தகடுகள் தேவையான கனத்தில் ஏறத்தாழ பாதியே இருந்தன, அதுவும் வடிவமைத்த நாளிலிருந்தே. அன்று மேல்தளத்தில் குவித்திருந்த கட்டுமானப் பொருள்களின் எடை அதை வெளிப்படுத்திவிட்டது. சீரமைப்பு வேலைக்கு மணலையும் ஜல்லியையும் பாலத்தின் மேலேயே குவிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலை உண்டு: ஐயம் இருந்தால் அன்றே பாரத்தைக் கட்டுப்படுத்துவது. எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. அதைப் பர்மிய எழுத்திலும் பர்மிய எண்ணிலும் எழுதி, கூடவே உயரத்தையும் அகலத்தையும் தடுக்கும் இரும்புச் சட்டத்தை நட வேண்டும். நள்ளிரவில் வரும் மரலாரி பலகையைப் படிக்காது.

சீரமைப்பின் வரிசை

தண்ணீரை விரட்டுவதே முதல் வேலை. வடிகால் குழாய்களைக் கீழ்ச்சட்டத்திற்கும் கீழே இறங்குமாறு நீட்டுங்கள், இணைப்பிடைவெளிகளை நீர் ஒழுகாதபடி மூடுங்கள், கிண்ணம் போன்ற மூலைகளின் தாழ்ந்த இடத்தில், பொறியாளர் ஒப்பும் இடத்தில் மட்டும், துளையிட்டு நீர் வழியச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் புதுத் தகடு போடுவது ஒழுகும் கூரைக்கு அடியில் புதுப்பாய் விரிப்பது போன்றது.

விரிசல் முனையில் 20 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்டு, விளிம்பை மெருகிட்டு, விரிசல் துளையைத் தாண்டிப் போகவில்லை என்பதைச் சாயத்தால் உறுதிசெய்துகொண்டால், அது வளர்வது நிற்கும். ஆனால் இது முதலுதவி மட்டுமே. அதன் மேல் போல்ட் வைத்த ஒட்டுத் தகடு வந்தாக வேண்டும்.

தளர்ந்த ரிவெட்டுக்குப் பதிலாக உயர்வலிமை போல்ட் போடலாம். முக்கால் அங்குல ரிவெட்டின் துளை பெரும்பாலும் 20.6 மில்லிமீட்டர் இருக்கும். 20 மில்லிமீட்டர் போல்ட் அதில் சரியாக அமையும். ரிவெட் தலையைக் கேஸ் கட்டரால் வெட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்தச் சூடு துளையின் விளிம்பைக் கெடுத்துவிடும் என்பதால், தலையைத் தேய்த்தோ துளையிட்டோ எடுத்து, தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு கணுவில் ஒரு நேரத்தில் ஒன்றுதான்: எடுத்த துளையில் போல்ட்டை இறுக்கிய பிறகே அடுத்த ரிவெட்டில் கை வைக்க வேண்டும்.

வெல்டிங் பற்றி நம் பட்டறைக்காரர்களோடு எனக்குப் பல முறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. தேனிரும்பில் வெல்டிங் கூடாது. எஃகென்றால், ஆய்வுத்தாளில் கரிமச் சமான மதிப்பு (கரிமத்தோடு மற்ற கலப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) ஏறத்தாழ 0.4-க்குள் இருந்து, கந்தகமும் பாஸ்பரஸும் குறைவாக இருந்து, பொறியாளர் முறையை எழுத்தில் தந்தால் மட்டும் செய்யலாம். இழுவிசை தாங்கும் உறுப்பின் குறுக்கே ஓடும் சிறு வெல்டிங் கோடுகூடக் களைப்பு விரிசலுக்கு வித்தாகும். கைதேர்ந்த வெல்டருக்கு இதைக் கேட்கக் கசக்கும். இங்கே குறை அவர் கையில் இல்லை, அந்த இரும்பின் வயிற்றில் இருக்கிறது.

வலுவூட்டும் தகடு சேர்ப்பதில் மறைந்திருக்கும் ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கீழ்ச்சட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும், பாலத்தின் சொந்த எடையால் அதில் 80 அலகு தகைவும் வண்டிகளால் 60 அலகும் ஆக 140 அலகு இருக்கிறதென்றும் கொள்வோம். பாலம் தன் எடையைச் சுமந்துகொண்டிருக்கும் நிலையிலேயே 50 சதுர சென்டிமீட்டர்த் தகட்டைச் சேர்த்தால், அந்தத் தகடு சொந்த எடையில் ஒரு துளியும் வாங்காது; வண்டிகளின் 60 மட்டுமே 40 ஆகக் குறையும். பழைய இரும்பில் தகைவு 120. புதிய தகட்டில் வெறும் 40. பரப்பைப் பாதி கூட்டியும் பழைய இரும்புக்குக் கிடைத்த நிவாரணம் ஏழில் ஒரு பங்குதான். மாறாக, கீழே தற்காலிகத் தாங்குகால்கள் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கிச் சொந்த எடையை முழுதும் இறக்கிவிட்டுத் தகட்டைப் பூட்டி, பின் மெல்ல இறக்கினால், இரண்டிலும் ஏறத்தாழ 93 அலகே நிற்கும். ஆறு ஆழமாக இருந்து தாங்குகால் நிறுத்த முடியாவிட்டால், உயர்வலிமைக் கம்பிவடத்தை உறுப்பின் நீளத்திற்குப் பூட்டி இழுத்து இறுக்குவதாலும், கனத்த கான்கிரீட் தளத்தை எடுத்துவிட்டு இலகுவான எஃகுத் தளம் போடுவதாலும் சொந்த எடையின் தகைவைக் குறைக்கலாம். ஜாக்கி வைக்கும் புள்ளியைக் கணக்கின்றித் தேர்ந்தெடுத்தால் இழுவிசைச் சட்டம் அழுத்தத்தில் போய் நெளிந்துவிடும். எனவே தூக்கும் அளவும் வரிசையும் தாளில் இருக்க வேண்டும்.

பலகங்களை ஆணியால் கோத்துப் பூட்டும் பெய்லி பாலங்களுக்குத் தனியாகச் சில வரிகள். 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்திற்கு மிதவைப் பெய்லி பாலம் போட்ட நாடு இது. தற்காலிகமாக வந்து நிரந்தரமாகிவிட்ட பெய்லி பாலங்களை இன்றும் காணலாம். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது பத்தடிப் பலகங்களைக் கோக்கும் ஆணிகளும் அவற்றின் துளைகளும். துளை நீண்டு தேய்ந்தால் ஒவ்வொரு மூட்டும் சிறிது சிறிதாகத் திறந்து, நடுப்பகுதி தொய்யும். ஆணிகள் கழலாமல் காக்கும் காப்புக் கொக்கிகள் திருடுபோயிருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.

பெயிண்ட்

பழைய பெயிண்டில் செவ்வீயம் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். உலர்வாகச் சுரண்டாதீர்கள், ஈரப்படுத்திச் சுரண்டி, உதிர்வதைத் துணியில் பிடித்து, ஆற்றில் விழாமல் காத்து, தூசுக்கேற்ற முகமூடி அணிந்து, வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே மாற்றுங்கள். அந்தத் தூசு குழந்தைகளின் மூளையையே தாக்குவது.

பெயிண்டின் ஆயுள் டப்பாவில் இல்லை, அதற்கு முன் செய்யும் துப்புரவில் இருக்கிறது. முதலில் நன்னீரால் கழுவி உப்பை நீக்குங்கள். பிறகு மணற்பீய்ச்சலால் எஸ்ஏ 2½ என்னும் துப்புரவுத் தரம் வரை வெளுக்கச் செய்யுங்கள். அதற்கு வசதியில்லாத மூலைகளில் இயந்திரத் தூரிகையால் எஸ்டி 3 தரம் வரையாவது கொண்டுவாருங்கள். பின்னர்த் துத்தநாகம் மிகுந்த எப்பாக்சி பிரைமர், எப்பாக்சி நடுப்பூச்சு, பாலியூரித்தேன் மேல்பூச்சு என்ற வரிசையில், கடலோரப் பாலத்திற்கு மொத்தம் ஏறத்தாழ 300 மைக்ரான் காய்ந்த கனம் வரப் பூசுங்கள். விளிம்புகளிலும் ரிவெட் தலைகளிலும் முதலில் தூரிகையால் ஒரு கோட்டுப் பூச்சு கொடுத்த பின்பே தெளிப்பானை எடுக்க வேண்டும்.

காலம் தை முதல் பங்குனி வரை. தை மாத விடியலில் இரும்பு பனியில் நனைந்திருக்கும். இரும்பின் வெப்பநிலை பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாகவும் காற்றின் ஈரம் 85 விழுக்காட்டுக்குக் கீழும் வரும் வரை, பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணி வரை, தூரிகையைத் தொடக்கூடாது. சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்ஞானும் ஒரே வாரத்தில் வருவதால் அதற்கு முன்பே மேல்பூச்சு முடிந்துவிடுமாறு கணக்கிடுங்கள். திருவிழாவுக்குப் போன ஆட்கள் திரும்பிச் சாரத்தில் ஏறுவதற்குள் வைகாசி மழை தொடங்கிவிடும்.

வேலை முடிந்த அன்று, அளந்த கனங்கள், மாற்றிய ரிவெட்டுகளின் எண்கள், தாங்கியில் போட்ட சுண்ணக்கோட்டின் இடம், பெயிண்ட் கனம் ஆகிய எல்லாவற்றையும் மூன்று படி எடுத்து, ஒன்றைப் பாலத்துக்குரிய அலுவலகத்திலும் ஒன்றைப் பொறியாளரிடமும் ஒன்றை உங்கள் பட்டறையிலும் வையுங்கள். மழை ஓய்ந்து மறுபடியும் கார்த்திகை வந்ததும், அதே எண்ணிட்ட கணுக்களில் அதே இடங்களைத் தேய்த்து அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள்.